பெட்டியில் அச்சான வேகமும் பிழையற்ற நினைவகமும்

மேசைக் கணினிக்கு ரேம் வாங்குபவர் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் 3600, 6000 போன்ற எண்ணைப் பார்த்தே பணம் கொடுக்கிறார். ஆனால் வாங்கிய ரேமை மதர்போர்டில் செருகிக் கணினியை இயக்கினால், அது பெரும்பாலும் 2133, 2666, 4800 போன்ற குறைந்த வேகத்திலேயே ஓடத் தொடங்குகிறது. இது பழுதும் அன்று, விற்றவர் செய்த ஏமாற்றும் அன்று. அச்சிட்ட வேகத்தை எட்டப் பயாஸில் ஓர் அமைப்பை இயக்க வேண்டும் என்பதைப் பலரும் அறிந்திருக்கிறார்கள். இயக்கிய பின் அந்த வேகத்தில் நினைவகம் பிழையின்றி ஓடுகிறதா என்று சோதித்தறிய வேண்டும் என்பதை அறிந்தவர்கள் சிலரே. வேகத்தை எட்டுவது பாதி வேலை. அந்த வேகத்தில் ஒரு பிட்கூட மாறாமல் தரவைக் காப்பதே முழு வேலை என்பதையும், இரண்டும் ஒருங்கே கைகூடாத இடத்தில் வேகத்தைத்தான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதையும் விளக்குவதே இப்பதிவின் நோக்கம்.

ஒரே ஸ்டிக்கில் இரண்டு வேகங்கள்

கணினி நினைவகத்துக்கான தரநிலைகளை வகுக்கும் தொழில்துறை அமைப்புக்கு ஜெடெக் என்று பெயர். அது 2012-இல் டிடிஆர்4 தரநிலையையும் 2020-இல் டிடிஆர்5 தரநிலையையும் வெளியிட்டது, முன்னது 1.2 வோல்ட்டிலும் பின்னது 1.1 வோல்ட்டிலும் இயங்குமாறு வகுக்கப்பட்டவை. ஒவ்வொரு ரேம் ஸ்டிக்கிலும் எஸ்பிடி எனப்படும் விவரங்களைத் தாங்கிய சிறு சில்லு ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. கணினி தொடங்கும்போது பயாஸ் அந்தச் சில்லைப் படித்து, ஜெடெக் தரநிலைப்படி அதில் எழுதப்பட்டுள்ள பாதுகாப்பான வேகத்தைத் தேர்ந்துகொள்கிறது. அதே சில்லில், தயாரிப்பாளர் தாம் சோதித்துப் பார்த்த உயர்ந்த வேகத்தையும் அதற்கு வேண்டிய மின்னழுத்தத்தையும் தாமத அளவுகளையும் தனித் தொகுப்பாக எழுதி வைக்கிறார். இன்டெல் நிறுவனம் 2007-இல் டிடிஆர்3 காலத்தில் அறிமுகப்படுத்திய இத்தகைய தொகுப்புக்கு எக்ஸ்எம்பி என்றும், ஏஎம்டி நிறுவனம் 2022-இல் ரைசன் 7000 வரிசையோடு கொண்டுவந்ததற்கு எக்ஸ்போ என்றும் பெயர். பெட்டியில் அச்சாகும் எண் இந்தத் தொகுப்பின் எண்ணே ஆகும்.

இத்தொகுப்பை இயக்குவதை இவ்விரு நிறுவனங்களும் ஓவர்கிளாக்கிங் என்றே, அதாவது உறுதிகூறப்பட்ட வேகத்துக்கு மேல் ஓட்டுதல் என்றே வகைப்படுத்துகின்றன. ரைசன் 7000 வரிசைச் செயலிக்கு இரண்டு ஸ்டிக்குகளோடு ஏஎம்டி உறுதிகூறும் வேகம் 5200. நான்கு ஸ்டிக்குகள் என்றால் அது 3600-ஆகக் குறைகிறது. அதே செயலிகளுக்கென்று விற்கப்படும் எக்ஸ்போ ரேம்களிலோ 6000 என்ற எண் மிகப் பரவலாகக் காணப்படுகிறது. ஸ்டிக்கில் உள்ள சில்லுகள், செயலிக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர், அவ்விரண்டையும் இணைக்கும் மதர்போர்டின் செப்புத் தடங்கள் ஆகிய மூன்றும் தாங்கினால்தான் அந்த வேகம் கிட்டும் என்றிருக்க, ரேம் தயாரிப்பாளர் பொறுப்பேற்பது முதலாவதற்கு மட்டுமே. ஒரே ஸ்டிக் ஒரு கணினியில் பழுதின்றி ஓடுவதும் மற்றொன்றில் தடுமாறுவதும் இதனால்தான்.

மின்னூட்டத்திலிருந்து செயலி வரை

ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்து ஒரு பிட்டைத் தாங்கும் நினைவறையை ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்ட் வடிவமைத்தார். அதற்கான காப்புரிமை 1968-இல் வழங்கப்பட்டது. இன்றைய டிடிஆர்5 ரேமும் அதே அடிப்படையில்தான் இயங்குகிறது. மின்தேக்கியில் தேங்கும் மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால், டிடிஆர்4 நினைவகத்தில் ஒவ்வோர் அறையையும் 64 மில்லி வினாடிக்குள் ஒருமுறையேனும் படித்து மீண்டும் எழுத வேண்டியிருக்கிறது. புதுப்பித்தல் எனப்படும் இந்தச் செயலுக்காக டிடிஆர்4 நினைவகத்துக்கு வழக்கமான வெப்பநிலையில் சராசரியாக 7.8 மைக்ரோ வினாடிக்கு ஒரு கட்டளை அனுப்பப்படுகிறது. சூடு கூடினால் கசிவும் கூடுகிறது என்பதால், சில்லின் வெப்பம் 85 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது புதுப்பித்தலை இருமடங்கு அடிக்கடி செய்யத் தரநிலையே கோருகிறது.

செயலி ஒரு தரவைக் கேட்கும்போது, நினைவறைகள் அடுக்கப்பட்ட கட்டத்தில் ஒரு நிரை முழுவதும் முதலில் திறக்கப்படுகிறது. அறைகளின் மெல்லிய மின்னூட்டத்தைப் பெருக்கிகள் 0 என்றும் 1 என்றும் அடையாளம் கண்ட பிறகு, அந்த நிரையில் வேண்டிய நிரல் தேர்ந்தெடுக்கப்படுகிறது. வேலை முடிந்ததும் நிரை மூடப்பட்டு அடுத்த நிரைக்கு ஆயத்தம் செய்யப்படுகிறது. ரேமின் மேல் 18-22-22-42 என்பது போல் எழுதியிருக்கும் எண்கள் இப்படிகள் ஒவ்வொன்றுக்கும் காத்திருக்க வேண்டிய கடிகாரத் துடிப்புகளின் எண்ணிக்கையே. அவற்றுள் முதல் எண்ணுக்குக் காஸ் தாமதம் என்று பெயர். ஒரு துடிப்பில் இருமுறை தரவு பாய்வதால், வினாடிக்கு 3600 மெகா பரிமாற்றங்கள் என்று குறிக்கப்படும் ரேமின் உண்மைக் கடிகாரம் 1800 மெகாஹெர்ட்ஸ். ஒரு துடிப்பின் நீளம் ஏறத்தாழ 0.556 நானோ வினாடி. அதை 18-ஆல் பெருக்கினால் 10 நானோ வினாடி வருகிறது. 3200 வேகத்தில் காஸ் 16 உடைய ரேமுக்கும், 6000 வேகத்தில் காஸ் 30 உடைய ரேமுக்கும் இதே கணக்கைப் போட்டால் அதே 10 நானோ வினாடிதான் விடை. நினைவறை பதில்சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரம் பெரிதாகக் குறையாமல், தரவு பாயும் பாதையின் வேகம் மட்டும் பன்மடங்கு கூடியிருக்கிறது என்பதை இது காட்டுகிறது.

அதனால்தான் உயர்வேகத்தில் எழும் சிக்கல் பல வேளைகளில் நினைவறையில் இராமல் பாதையில் இருக்கிறது. வினாடிக்கு 6000 மெகா பரிமாற்றங்கள் என்றால் ஒரு பிட் கம்பியில் நிற்கும் காலம் 167 பைக்கோ வினாடி. அதற்குள் வெற்றிடத்தில் ஒளியே 5 சென்டிமீட்டர்தான் கடக்கும், மதர்போர்டின் தடத்தில் மின்குறிப்பு அதில் ஏறத்தாழ பாதித் தொலைவே போகும். இவ்வளவு குறுகிய இடைவெளிக்குள் 0 எது, 1 எது என்று பிரித்தறிய வேண்டியிருப்பதால், கணினி தொடங்கும்போதெல்லாம் மெமரி கன்ட்ரோலர் ஒவ்வொரு தடத்திலும் சோதனைக் குறிப்புகளை அனுப்பி, எந்தக் கணத்தில், எந்த மின்னழுத்த மட்டத்தில் படித்தால் தெளிவாக இருக்கும் என்று தேடிக் கண்டுபிடிக்கிறது. மெமரி டிரெயினிங் எனப்படும் இந்தத் தேடல் டிடிஆர்5 கணினிகளில் முதல்முறை சில நிமிடங்கள்கூட நீடிக்கும். அந்நேரத்தில் திரை கறுப்பாகவே இருப்பதால் கணினி பழுதாகிவிட்டது என்று அஞ்சி மின்சாரத்தை நிறுத்துவது தேவையற்ற தொல்லைகளுக்கு வழிவகுக்கிறது.

ரைசன் கற்றுத்தந்த பாடம்

மூன்று உறுப்புகளும் ஒத்துழைத்தால்தான் வேகம் கிட்டும் என்பதற்கு 2017 மார்ச்சில் வெளிவந்த முதல் தலைமுறை ரைசன் செயலிகளே தெளிவான சான்று. அவற்றுக்கு ஏஎம்டி அறிவித்த வேகம், ஒற்றை ரேங்க் ஸ்டிக்குகள் இரண்டு இருந்தால் 2666, இரட்டை ரேங்க் இரண்டு என்றால் 2400, ஒற்றை ரேங்க் நான்கு என்றால் 2133, இரட்டை ரேங்க் நான்கு என்றால் 1866 என்று படிப்படியாகக் குறைந்தது. ரேங்க் என்பது 64 பிட் அகலமுள்ள பாதையை நிரப்பப் போதுமான சில்லுகளின் ஒரு கூட்டம். ஒரு தடத்தில் தொங்கும் ரேங்குகள் மிகமிக மெமரி கன்ட்ரோலரின் சுமை கூடி, குறிப்பின் தெளிவு மங்குகிறது. அன்று 3200 என்று விற்கப்பட்ட ரேம்கள் பல கணினிகளில் அந்த வேகத்தில் தொடங்கவே மறுத்தன. சாம்சங் நிறுவனத்தின் பி-டை எனப்படும் சில்லுகளைக் கொண்ட ஸ்டிக்குகள் மட்டும் ஓரளவு எளிதாக ஒத்துப்போயின. செயலியையும் நினைவகத்தையும் தொடக்கத்தில் ஆயத்தம் செய்யும் அஜீசா என்னும் மென்பொருளின் 1.0.0.6 பதிப்பு அதே ஆண்டில் வந்து, நினைவகத்துக்கான பல அமைப்புகளைப் பயனரின் கைக்குக் கொடுத்தபோது நிலைமை வெகுவாக மேம்பட்டது. ரேமும் செயலியும் மாறாமலிருக்க, பயாஸ் ஒன்று புதுப்பிக்கப்பட்டதால் மட்டுமே பல கணினிகள் சீரடைந்தன என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

எண் கூடினால் வேகமும் கூடும் என்பது எப்போதும் உண்மையன்று என்பதையும் ரைசனே காட்டியது. அதன் உட்பகுதிகளை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்னும் பாதையும் நினைவகமும் ஒரே கடிகாரத்தில் ஓடும்போது தாமதம் குறைவாக இருக்கிறது. ரைசன் 5000 வரிசையில் 3600 ரேமோடு அப்பாதையும் 1800 மெகாஹெர்ட்ஸில் இணைந்து ஓடுகிறது, ஆனால் 4000 ரேமுக்குத் தேவையான 2000 மெகாஹெர்ட்ஸைப் பெரும்பாலான செயலிகள் தாங்குவதில்லை. தாங்காதபோது மெமரி கன்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்கிவிடுவதால், விலை கூடிய 4000 ரேம் நடைமுறையில் 3600 ரேமைவிடப் பின்தங்க நேரிடுகிறது.

ஒரு பிட் புரண்டால்

நிலையற்ற நினைவகம் எப்போதும் நீலத் திரையைக் காட்டி எச்சரிப்பதில்லை. எச்சரிக்காமல் தரவை மாற்றிவிடுவதே அதன் பெருந்தீங்கு. தமிழ் எழுத்தைக் கொண்டே இதைப் பார்க்கலாம். ஒருங்குறியில் ‘க’ என்னும் எழுத்து கணினிக்குள் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. அவற்றுள் கடைசிப் பைட் 10010101. அதன் கடைசி பிட் மட்டும் 1-இலிருந்து 0-ஆகப் புரண்டால் 10010100 ஆகிறது. அது ‘ஔ’ என்னும் எழுத்துக்குரியது. ‘கடல்’ என்று எழுதிய கோப்பு ‘ஔடல்’ என்று வட்டில் பதிவாகும். எந்த மென்பொருளும் அதைப் பிழையென்று சொல்லாது. எழுத்துப் பிழையையாவது படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார். கணக்குப் புத்தகத்தில் 5000 என்ற எண்ணின் பதினாறாவது பிட் புரண்டு 37768 ஆனால், அதைக் கண்டுபிடிக்கக் கணக்கையே முழுதும் சரிபார்க்க வேண்டியிருக்கும். கெட்ட பிட்டோடு எடுத்த காப்பு நகலும் கெட்டதே என்பதால், இத்தகைய பிழை நாளடைவில் நல்ல நகல்களையும் இடம்பெயர்த்துவிடுகிறது.

டிடிஆர்5 சில்லுகளுக்குள்ளேயே பிழைதிருத்தும் ஏற்பாடு இருப்பதால் இக்கவலை தேவையில்லை என்று கருதுவோர் உண்டு. அந்த ஏற்பாடு நினைவறைக்குள் நேரும் ஒற்றைப் பிட் பிழையைத் திருத்துமேயன்றி, சில்லிலிருந்து செயலிக்குப் போகும் வழியில் நேரும் பிழையைத் தொடுவதில்லை. உயர்வேகத்தில் அஞ்ச வேண்டியதோ அந்த வழிதான். வழியையும் சேர்த்துக் காக்கும் இசிசி நினைவகம் சர்வர்களில் வழக்கமானது. அத்தகைய சர்வர்களை வைத்துக் கூகுள் தரவு மையங்களில் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வு, ஓராண்டில் 8 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட ஸ்டிக்குகளில் பிழை பதிவானதைக் கண்டறிந்தது. முறையான வேகத்தில் ஓடும் நினைவகத்திலேயே நிலை இதுவாக இருக்கும்போது, பிழையைக் காட்டிக்கொடுக்கும் கருவியே இல்லாத மேசைக் கணினியில் உயர்வேகத்தைச் சோதிக்காமல் நம்புவது தகாது.

சீரமைக்கும் முறை

முதலில் முக்கியமான கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுத்துவைத்து, எக்ஸ்எம்பியையோ எக்ஸ்போவையோ இயக்காமல், ஜெடெக் வேகத்திலேயே நினைவகத்தைச் சோதிக்க வேண்டும். மெம்டெஸ்ட்86+ போன்ற மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, விண்டோஸுக்குள் போகாமலே அதிலிருந்து கணினியைத் தொடங்கலாம். குறைந்த வேகத்திலேயே பிழை தென்பட்டால், ஸ்டிக்கைக் கழற்றி மீண்டும் அழுத்திச் செருகியும், ஒவ்வொன்றாகத் தனியே வைத்தும் பார்த்த பின், பழுதான ஸ்டிக்கை உத்தரவாதத்தில் மாற்றிக்கொள்வதே வழி. பழுதான சில்லை அமைப்புகளால் குணப்படுத்த முடியாது.

அடுத்து, ஸ்டிக்குகள் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நான்கு ஸ்லாட் கொண்ட பெரும்பாலான மதர்போர்டுகளில் இரண்டு ஸ்டிக்குகளை ஏ2, பி2 ஆகியவற்றில், அதாவது செயலியிலிருந்து எண்ணினால் இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். அத்தடங்களின் முடிவில் ஸ்டிக் இருக்கும்போது, காலியான ஸ்லாட்டில் மோதித் திரும்பும் எதிரொலிக் குறிப்புகள் குறைகின்றன. ஒரே பெயரும் எண்ணும் கொண்டிருந்தாலும் தனித்தனியே வாங்கிய இரண்டு தொகுப்புகளில் வெவ்வேறு நிறுவனச் சில்லுகள் இருக்கக்கூடும் என்பதால், 32 ஜிபி வேண்டுமெனில் 16 ஜிபி ஸ்டிக்குகள் இரண்டை ஒரே தொகுப்பாக வாங்குவது, பின்னாளில் 8 ஜிபி ஸ்டிக்குகளைக் கூட்டி நான்காக்குவதைவிட நிலைத்தன்மைக்கு நல்லது.

பயாஸைப் புதுப்பித்து, தொகுப்பை இயக்கிக் கணினியைத் தொடங்கிய பின், வேகம் உண்மையில் மாறியிருக்கிறதா என்பதைச் சிபியு-இசட் போன்ற கருவியில் பார்க்க வேண்டும். அது உண்மைக் கடிகாரத்தைக் காட்டுவதால் 3600 ரேமுக்கு 1800 என்று தோன்றினால் சரியே. கணினி தொடங்காமல் சிலமுறை முயன்று பழைய வேகத்துக்குத் திரும்பினால், அல்லது அறவே தொடங்காமல் போய் மதர்போர்டின் சீமாஸ் ஜம்பரால் அமைப்புகளை அழிக்க நேர்ந்தால், வேகத்தை ஒருபடி இறக்கி மீண்டும் முயல வேண்டும். தொடங்கியும் சோதனையில் பிழை வந்தால், ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று அறிய வழியில்லை. கட்டளைக்கும் செயலுக்கும் இடையே ஒரு துடிப்புக்குப் பதில் இரண்டு துடிப்புகள் விடும் 2டி அமைப்பு, புதுப்பித்தலுக்கு ஒதுக்கும் டிஆர்எஃப்சி நேரத்தை நீட்டித்தல், காஸ் தாமதத்தைக் கூட்டுதல் ஆகியவை எந்த உறுப்பையும் வருத்தாதவை என்பதால் அவற்றை முதலில் முயல்வது முறை.

மின்னழுத்தத்தைக் கூட்டுவது அதற்குப் பின்னரே வர வேண்டும். டிடிஆர்4 எக்ஸ்எம்பி தொகுப்புகள் பல 1.35 வோல்ட்டில் ஓடுகின்றன, அதை 0.01 அல்லது 0.02 வோல்ட் வீதம் சிறிது உயர்த்திப் பார்க்கலாம். ஆனால் செயலிக்குள் மெமரி கன்ட்ரோலருக்குப் போகும் எஸ்ஓசி மின்னழுத்தத்தில் மிகுந்த கவனம் வேண்டும். தொகுப்பை இயக்கியதும் சில மதர்போர்டுகள் அதைத் தாமாகவே உயர்த்திவிடுவது வழக்கம். 2023 ஏப்ரலில் ரைசன் 7000 எக்ஸ்3டி செயலிகள் சில கருகிப்போன செய்திகள் வெளிவந்த பிறகு, ஏஎம்டி அந்த மின்னழுத்தத்துக்கு 1.3 வோல்ட் என்ற உச்சவரம்பை விதித்து, புதிய பயாஸ்கள் வழியாக அதை நடைமுறைப்படுத்தியது. எனவே எக்ஸ்போவை இயக்கியதும் இந்த எண்ணைப் பயாஸில் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்வது கட்டாயம்.

சோதனை எப்போது முடிகிறது

சோதனை மென்பொருள் நினைவகம் முழுவதும் ஒரு வடிவத்தை எழுதி, மீண்டும் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றா என்று ஒப்பிடுகிறது. பிழை நேர்ந்தால் முகவரியும், எதிர்பார்த்த மதிப்பும், கிடைத்த மதிப்பும் திரையில் வரிசையாகத் தோன்றுகின்றன; அம்மதிப்புகளை இரும எண்களாக விரித்துப் பார்த்தால் 11111111 இருக்க வேண்டிய இடத்தில் 11110111 நிற்பதைக் காணலாம். எந்த வேகத்திலும் அதே முகவரியில் அதே பிட் புரண்டுகொண்டிருந்தால் பொதுவாக அது பழுதான நினைவறை. உயர்வேகத்தில் மட்டும், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு முகவரிகளில் பிழை சிதறித் தோன்றினால் அமைப்புகளில்தான் குறை. ‘நூற்றுக்கு ஒன்று பரவாயில்லை’ என்ற கணக்கு இங்கே செல்லாது: ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த அமைப்பு தோற்றதாகவே கொள்ள வேண்டும்.

ஒரே கருவியை நம்பியிருப்பதும் போதாது. மெம்டெஸ்ட்86+ நினைவறைகளை நன்கு துருவுகிறது. விண்டோஸுக்குள் ஓடும் டெஸ்ட்மெம்5, கர்ஹு போன்றவை உயர்வேகப் பிழைகளை விரைவில் வெளிக்கொணர்கின்றன. பிரைம்95, ஒய்-கிரஞ்சர் ஆகியவை செயலியையும் மெமரி கன்ட்ரோலரையும் சேர்த்து வருத்துகின்றன. இரவு முழுவதும் ஓடவிட்ட பின்னும், கணினியை முழுக்க அணைத்து ஆறவிட்டுப் பலமுறை தொடங்கிப் பார்க்க வேண்டும். டிரெயினிங் ஒவ்வொரு முறையும் சற்றே வேறுபட்ட முடிவைத் தருவதால், நேற்றுத் தேறிய அமைப்பு இன்று தவறக்கூடும். வெப்பத்தையும் மறக்கலாகாது: குளிரூட்டிய அறையில் மார்கழி இரவில் தேறிய ரேம், மின்விசிறி மட்டுமே உள்ள அறையில் கத்திரி வெயில் நாளின் பிற்பகலில், கிராஃபிக்ஸ் கார்டும் பக்கத்தில் சூடு கக்கிக்கொண்டிருக்கையில் தவறுவதற்கு இடமுண்டு. ஆகவே தமிழ்நாட்டில் கணினி கட்டுபவர் கோடையில் ஒருமுறை மறுசோதனை செய்வதும், பயாஸ் புதுப்பிக்கும்போதெல்லாம் அமைப்புகளைக் குறித்துவைத்துப் பின்னர் மீண்டும் சரிபார்ப்பதும் நல்ல பழக்கங்கள்.

எங்கே நிறுத்துவது

இத்தனைக்குப் பிறகும் 6000 ரேம் பிழையோடு ஓடி, 5600-இல் பிழையின்றி ஓடினால், 5600-ஐ ஏற்றுக்கொள்வதில் இழப்பு மிகச் சிறியது. ஒரு ஸ்டிக்கின் உச்சப் பாய்வு வினாடிக்கு 48 ஜிகாபைட்டிலிருந்து 44.8 ஜிகாபைட்டாக, அதாவது 7 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இறங்குகிறது. அன்றாட வேலையிலும் பெரும்பாலான விளையாட்டுகளிலும் அவ்வேறுபாடு அதனினும் குறைவாகவே உணரப்படும். எதிர்த்தட்டில் இருப்பதோ ஆய்வேடு, குடும்பப் படங்கள், கடையின் கணக்கு ஆகியவற்றின் உண்மைத்தன்மை. இவ்விரண்டையும் எடைபோடுவதில் தயக்கத்துக்கு இடமில்லை.

அதே வேளையில், இந்தச் சுமை முழுவதையும் வாங்குபவரின் தலையில் ஏற்றுவது நியாயமாகாது. பெட்டியின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் 6000 என்று அச்சிடுகிறவர்கள், ஸ்டிக் தானாக எந்த வேகத்தில் தொடங்கும், அச்சிட்ட வேகம் எந்தச் செயலியோடும் எந்த மதர்போர்டோடும் எத்தனை ஸ்டிக்குகளோடும் சோதிக்கப்பட்டது, அதை இயக்குவது செயலியின் உத்தரவாதத்தைப் பாதிக்குமா என்ற மூன்று விவரங்களையும் அதே பெட்டியில், அதே முன்பக்கத்தில் சொல்ல வேண்டும். அவை அச்சாகும் நாள் வரை, ரேம் விற்கும் கடைக்காரரும் கணினி கட்டித் தருபவரும் எக்ஸ்எம்பியை இயக்கிக் காட்டுவதோடு நில்லாமல், சோதனை தேறிய திரையையும் வாடிக்கையாளருக்குக் காட்டிவிட்டே கணினியை ஒப்படைக்க வேண்டும். வாங்குபவரும் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.